கதவா திரையா

அன்பரசன் செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்கு அருகே இருந்த ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டினான். மனைவி கஸ்தூரி மஸ்கட்டில் நர்ஸ். கல்யாணமான இரண்டாம் வருஷமே, 1997இல், போய்விட்டாள். 1999 ஆடி மாதம் அவளிடமிருந்து கடிதம் வந்தது. ஐப்பசியில் லீவு கிடைக்கும், வந்ததும் முதல் வேலையாக அவன் வண்டியில் மலையைச் சுற்ற வேண்டும் என்று எழுதியிருந்தாள்.

ஐப்பசி என்றால் மழை. வண்டியின் பக்கங்களோ திறந்து கிடந்தன. சாரல் அடித்தால் பின்சீட்டில் இருப்பவர் முழங்கால்வரை நனைந்துவிடுவார். அவள் நனையக் கூடாது என்பதே அவனுக்குப் பெரிய கவலையாகிவிட்டது.

ஸ்டாண்டில் செழியன் தன் வண்டிக்குத் தகரக் கதவு போட்டிருந்தான். மேலே சின்னதாக ஒரு கண்ணாடி.

"ஒரு சொட்டு உள்ள வராது. கண்ண மூடிக்கிட்டு இதையே போடு" என்றான்.

சீட் கவர் தைக்கும் சுப்பன் ஒத்துக்கொள்ளவில்லை. "கதவு வெயிட்டு ஜாஸ்திப்பா. பள்ளத்துல எறங்கினா கடகடன்னு ஆடும். நான் ரெக்ஸின்ல திரை தெச்சித் தரேன், நடுவுல பிளாஸ்டிக் ஜன்னல் வெச்சி. மழைன்னா எறக்கு, வெயில்னா சுருட்டிக் கட்டிக்கோ."

"காத்தடிச்சா ஓரத்துல சாரல் வருமே?"

"வரும். பொய் சொல்ல மாட்டேன்."

அன்பரசனுக்கு முடிவெடுக்க முடியவில்லை. ஒரு நாள் செழியனை ஓட்டச் சொல்லிவிட்டு அவனே பின்னால் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டான். அடி அண்ணாமலை வரை போனார்கள். கண்ணாடியில் மலையின் இடுப்பு மட்டும் தெரிந்தது. உச்சியைப் பார்க்கக் குனிந்து குனிந்து கழுத்து வலித்தது.

அந்த வெள்ளிக்கிழமை எஸ்டிடி பூத்துக்கு அவள் போன் வந்தபோது கேட்டுவிட்டான்.

"கதவு வேணாங்க" என்றாள் கஸ்தூரி. "இங்க வார்டு, ஹாஸ்டல், பஸ்ஸு, எல்லாம் மூடியே கெடக்குது. மழை வாசனை வந்து ரெண்டு வருஷமாச்சி. நனைஞ்சா நனையறேன், போங்க."

திரை தைத்தாயிற்று. கரும்பச்சை நிறம். அவளுக்குப் பிடித்த நிறம் அதுதானா என்று பிறகு சந்தேகம் வந்தது. அதை மட்டும் கேட்க மறந்திருந்தான்.

ஐப்பசி வந்தது, அவள் வரவில்லை. ஆள் பற்றாக்குறை என்று லீவை நிறுத்திவிட்டார்களாம். திரைக்குப் பின்னால் முதலில் உட்கார்ந்தவள், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸைத் தவறவிட்ட ஒரு கைக்குழந்தைக்காரி.

"நல்லா கீதுங்க, காத்தும் வருது" என்றாள்.

மழை பெய்த ஒவ்வொரு நாளும் சவாரி முடிந்ததும் அன்பரசன் அந்தப் பின்சீட்டைத் துடைத்து வைத்தான்.

கஸ்தூரி வந்தது அடுத்த சித்திரையில். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. திரை இரண்டும் சுருட்டிக் கட்டியபடியே இருக்க, இருவரும் மலையைச் சுற்றினார்கள். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தபடி ஓட்டினான். இளைத்திருந்தாள். பாதி வழியில் ஒரு புளியமரத்தடியில் நிறுத்தச் சொன்னாள்.

"இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேங்க. வீட்ல வெச்சி சொல்ல வாய் வரல."

"போன்லயாவது சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, இன்னைக்கி இப்படிச் சிரிச்சிருக்க மாட்டீங்க."

அவன் இறங்கிப் போய்ப் பின்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஆட்டோ வாங்கி அத்தனை வருஷத்தில் அவளோடு அந்த சீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். வெயில் தாழும்வரை அங்கேயே இருந்தார்கள்.

இரண்டு வருஷம் நாலாயிற்று. 2004இல் அவள் ஒரேயடியாகத் திரும்பி, ஊரிலேயே ஒரு நர்சிங் ஹோமில் சேர்ந்தாள். ஆரம்பத்தில் இருவருக்கும் பேச்சு நீளவேயில்லை. அத்தனை வருஷம் போனில் பத்து நிமிஷத்தில் பேசி முடித்தே பழகியவர்கள். பத்து நிமிஷம் ஆனதும் கஸ்தூரி தானாகவே "சரிங்க, வெச்சிடட்டுமா?" என்பாள். சொன்னபிறகுதான் எதிரிலேயே அவன் உட்கார்ந்திருப்பது அவளுக்கு உறைக்கும்.