லெசியெலியின் பச்சைத் திரை

தீவு நாட்டின் தலைநகரான நூக்குவாலோஃபாவில் லெசியெலி என்ன வேலை பார்க்கிறாள் என்று அவள் புருஷனுக்கே சரியாகத் தெரியாது. சர்ச்சில் யாராவது கேட்டால், "கம்ப்யூட்டரை உக்காந்து பாக்குற வேலை" என்பான். கேட்டவர்கள் சிரிப்பார்கள். சிரிக்க என்ன இருக்கிறது, அதுதான் வேலை. தீவுகளில் இருக்கும் சர்வர்களை ஒரு மென்பொருள் ஓயாமல் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வந்தால் சுவரில் மாட்டிய திரையில் பச்சை, வராவிட்டால் சிவப்பு.

பழைய இணைய முகவரிகள் தீர்ந்துபோய்ப் புதியவை வந்தபோது அந்த மென்பொருள் திருதிருவென்று முழித்தது. நான்கு எண், நடுவே புள்ளி, அவ்வளவுதான் அதற்குத் தெரியும். புதிய முகவரியோ முழ நீளம், இடையிடையே முக்காற்புள்ளி. முதல் முக்காற்புள்ளியிலேயே முகவரி முடிந்துவிட்டதாக நினைத்து, தலையை வைத்துக்கொண்டு உடம்பை எறிந்துவிடும். எழுதிய புண்ணியவான் எந்த ஊர்க்காரனோ, எப்போதோ கைகழுவிவிட்டான். லெசியெலிதான் வருஷக்கணக்காக வரி வரியாகத் தோண்டித் திருத்தினாள். ஒருவரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லவில்லை.

அப்படித் தோண்டும்போதுதான் ஒரு வரி அகப்பட்டது. புதிய முகவரியில் பதில் வராவிட்டால், மென்பொருள் சத்தமில்லாமல் பழைய முகவரியில் கேட்டுவிட்டுப் பச்சை காட்டிக்கொண்டிருந்தது. அதை எடுத்தாள். உடனே வடக்குத் தீவு ஆஸ்பத்திரி சிவப்பானது.

அங்கே நர்ஸாக இருப்பவள் கலோ, லெசியெலியின் சித்தி மகள். டாக்டர் கிடையாது. நெஞ்சு எக்ஸ்ரே படம் எடுத்து அனுப்புவாள், தலைநகர் டாக்டர்கள் பார்த்துச் சொல்வார்கள். அந்த இணைப்பு பழைய முகவரியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. பழையதையோ சீக்கிரமே நிறுத்திவிடப் போகிறார்கள்.

மேலாளர் சியோசையா திரையைப் பார்த்துக் குதித்தார்.

"என்னத்தப் பண்ணி வச்சிருக்க? நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு!"

"நேத்தும் நல்லா இல்லண்ணே, நமக்குத் தெரியல, அவ்வளவுதான். அங்க இருக்குற இன்டர்நெட் பெட்டி புது முகவரிய உள்ளயே விடல. பழச நிறுத்தினா ஆஸ்பத்திரி அறுந்துரும்."

"வேற பெட்டி அனுப்பிக்கலாம்."

"எதுல? கப்பல் எஞ்சினப் பிரிச்சுப் போட்டு மாசக்கணக்கா ஆகுது."

"புது முகவரிக்கு மாறப் பணம் குடுத்த வெளிநாட்டுக்காரங்க வெள்ளிக்கிழம வர்றாங்க. எல்லாம் பச்சையா இருந்தாத்தான் பழச நிறுத்தக் கையெழுத்துப் போடுவாங்க. அவங்க முன்னால என் மானத்த வாங்கப் போறியா? உன் பையனுக்குத் துறைமுகத்துல வேல சொல்லி வச்சது யாரு?"

லெசியெலிக்குக் கோபம் வந்தது. கோபத்தைவிட அசதி அதிகமாக இருந்தது. எடுத்த வரியைத் தன் கையாலேயே திருப்பி எழுதினாள். திரை பச்சையானது.

வெள்ளிக்கிழமை எல்லோரும் ஊர் வழக்கப்படி இடுப்பில் விசேஷப் பாய் கட்டிக்கொண்டு வந்தார்கள். முழுப் பன்றி, தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரைப் பொதி, பாட்டு, பிரார்த்தனை, ஒன்றும் குறைவில்லை. "எல்லாம் இவ கைவேல" என்று சியோசையா அவள் கழுத்தில் பூமாலை போட்டார். விருந்தாளி ஒருவர் அவளிடமே கேட்டார்: "எல்லாமே புது முகவரியிலதான் ஓடுதா?"

சியோசையா அவளைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள். கையெழுத்து விழுந்தது. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பழைய முகவரிகள் நிறுத்தப்படும் என்று அறிவித்தார்கள். பச்சைத் திரையை நம்பிக் கைதட்டினார்கள், அவளும் தட்டினாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

சாயங்காலம் கலோ கூப்பிட்டாள்.

"அக்கா, ரேடியோல உன் பேரச் சொன்னாங்க! எங்க அம்மாவுக்குத் தல கால் புரியல. சரி, இங்க ஒரு கொழந்தைக்கு நெஞ்சுல சளி. படம் எடுத்துத் திங்கக்கிழம அனுப்பவா?"

"இன்னிக்கே எடு. இன்னிக்கே அனுப்பு."

"என்னக்கா அவசரம்?"

"வேற யாருக்காவது எடுக்கணும்னாலும் எடுத்துரு. எல்லாத்தையும் நாளைக்குள்ள அனுப்பிரு."

கலோ ஒன்றும் மக்கு இல்லை.

"அப்புறம் வர்றவங்களுக்கு என்னக்கா பண்றது?"

லெசியெலி ஃபோனைக் காதில் வைத்தபடியே கழுத்திலிருந்த பூமாலையைக் கழற்றினாள்.