ஐந்து நாள் கத்திரிக்காய்

என் கையெழுத்தைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். கோழி கிளறிய மாதிரி இருக்கிறது என்று என் மகளே சொல்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். எங்கே பெரிய ‘ற’, எங்கே சின்ன ‘ர’ என்பது இன்றுவரை பிடிபடவில்லை. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வாயால் சொல்லிவிடலாம்தான். ஆனால் நாலு பேர் முன்னால் வாய் திறப்பதைவிட எனக்கு இந்தக் கோழிக்கிளறல் சுலபம்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் பீரோவுக்குள் கைக்குட்டையில் சுற்றி வைத்திருக்கும் ஒரு கத்திரிக்காய். வைத்தது வெள்ளிக்கிழமை. தினமும் காலையில் திறந்து பார்க்கிறேன். திறந்ததும் வரும் பாச்சை உருண்டை வாசனையோடு பச்சைக் காய் வாசனையும் சேர்ந்து அடிக்கிறது. அந்த இரண்டு வாசனையும் கலந்தால் எனக்கு அறுப்பின் பண்டிகை ஞாபகம் வந்துவிடும்.

எங்கள் ஆரணி சபையில் அறுப்பின் பண்டிகை அன்று ஜனங்கள் வயலில், வீட்டில் விளைந்ததையெல்லாம் கொண்டுவந்து காணிக்கையாக வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே பந்தலில் ஏலம். ஏலத்தில் கை தூக்கவே எனக்கு வெட்கம். ஆனால் வெட்கம் வந்தால் காதைச் சொறிவேன். ஏலம் விடுபவர் அதையே கை தூக்கியதாக எடுத்துக்கொள்வார். இப்படியே ஒரு வருடம் ஒரு பூசணிக்காய், அடுத்த வருடம் ஒரு சேவல் என் தலையில் விழுந்தன. இல்லை என்று சொல்ல இன்னும் வெட்கமாக இருந்ததால் சேவலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அப்போது நான் சாமுவேல் மச்சான் வீட்டில் கூலிக்குத் தறி நெய்துகொண்டிருந்தேன். மச்சான் என் மனைவி எஸ்தருக்கு அண்ணன். நல்ல மனிதர்தான், நாக்குதான் கொஞ்சம் நீளம். ஒருநாள் ஏதோ பேச்சு வளர்ந்து, “மாப்ள வாயத் தொறந்து ஒரு பொடவ வித்துட்டா நான் மீசைய எடுத்துடறேன்” என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். நான் தறியைப் பார்த்துச் சிரித்து வைத்தேன். எஸ்தர் சிரிக்கவில்லை.

“இனிமே உன் தறிக்குழியில எங்க வூட்டுக்காரரு கால் வைக்க மாட்டாரு. சொந்தமா தொழில் பண்ணப்போறாரு.”

அந்தச் செய்தியை நானும் அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

“பண்ணட்டும், பண்ணட்டும். அந்தக் குழிய காலியாவே வெச்சிருக்கேன். கிறிஸ்துமஸுக்குள்ள திரும்பி வந்துடுவான்” என்றார் மச்சான்.

காலியாக இருந்த அந்தக் குழி என்னை ரொம்ப பேஜார் பண்ணியது. தறிக்குழி தெரியும்தானே? காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து மிதிக்கத் தோண்டிய பள்ளம். தெருவில் போகும்போது மச்சான் வீட்டு ஜன்னல் வழியாக அது தெரியும். என்னைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருக்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் போய் அதில் இறங்கினால் ஆயுசுக்கும் அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் நெய்ய வேண்டும். அதற்காகவே தெருவைச் சுற்றிக்கொண்டு போவேன்.

எஸ்தர் பாடகர் குழுவில் இருந்தாள். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்குக் குழுவில் பதினெட்டுப் பெண்களும் ஒரே நிறத்தில் பட்டுப்புடவை கட்ட வேண்டும் என்று முடிவானது. எனக்கு என்று இன்னும் ஒரு தறிகூட இல்லாத நிலையில் அந்த ஆர்டரை அவள் வாங்கிவிட்டாள். நிறத்தை முடிவு செய்யப் பாஸ்டரம்மா என்னை ஏலப் பந்தலுக்கே கூப்பிட்டார். வெம்பாக்கம் பக்கத்து விவசாயி ஒருவர் கொண்டுவந்த கூடையிலிருந்து ஒரு கத்திரிக்காயை எடுத்து நீட்டினார்.

“தம்பி, இதே கலரு. கொஞ்சம்கூட மாறக்கூடாது. கையோட எடுத்துகினு போங்க.”

எங்கள் ஊரில் நிறத்துக்குப் பெயரே அப்படித்தான். கிளிப்பச்சை, மயில் கழுத்து, வெங்காயத் தோல், மாந்தளிர். பெயர் சொன்னால் ஆளுக்கு ஒன்று நினைப்பார்கள் என்று பொருளையே கொடுத்து அனுப்புவதும் உண்டு. நான் பவ்வியமாக வாங்கிக்கொண்டேன். அவர் காட்டிய நேரம் முழுக்க நான் அவருடைய செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். செருப்பு பழுப்பு நிறம், வார் வைத்தது. கத்திரிக்காயின் நிறம் எனக்குத் தெரியாது.

வீட்டில் வெளியே வைத்தால் எஸ்தர் குழம்பில் போட்டுவிடுவாள். ஆகவே கைக்குட்டையில் சுற்றி, துணிப்பெட்டியில் என் கல்யாண வேட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் சாயப்பட்டறைக்குப் போனால் சாயக்கார முனுசாமி அண்ணன் இல்லை. தங்கை மகளுக்குக் காது குத்து என்று பெரணமல்லூர் போயிருந்தார். நாளைக்கு வருவார் என்றார்கள். நாளைக்கும் அதையே சொன்னார்கள். அவர் வந்தது ஐந்தாம் நாள்.

பெட்டியைத் திறந்தேன். காய் கொஞ்சம் சுருங்கியிருந்தது. அளவுதானே குறைந்திருக்கிறது, நிறம் எங்கே போகும் என்று நினைத்தேன். இதை நினைத்தவன்தான் பிற்காலத்தில் நாற்பது தறிக்கு நிறம் சொன்னான்.

முனுசாமி அண்ணன் கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்து, ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

“இன்னா நைனா இது? காயா, காஞ்ச மூஞ்சூறா?”

“கத்திரிக்காண்ணா.”

“இந்தக் கலரா வேணும்?”

“இதே கலரு. கொஞ்சம்கூட மாறக்கூடாதாம்.”

பாஸ்டரம்மா சொன்னதை ஓர் எழுத்து மாற்றாமல் சொன்னேன். அண்ணன் பிடிவாதக்காரர். மாறக்கூடாது என்றால் மாறாது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, நாள் முழுக்கக் கிண்ணம் கிண்ணமாகக் கலந்து, நூலை நனைத்து, உலர்த்தி, காயின் பக்கத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். மறுநாள் சாயங்காலம் மொத்தப் பட்டும் கொடியில் காய்ந்துகொண்டிருந்தபோதுதான் நிறத்தைச் சரியாகப் பார்த்தேன். ஊதாவும் இல்லை, பழுப்பும் இல்லை. நாவல்பழம் தின்ற நாக்கை இரண்டு தடவை கழுவினால் வருமே, அந்த நிறம்.

அண்ணனோ முகமெல்லாம் மலர்ந்து நின்றார். “இந்த மாதிரி என் ஆயுசுல புடிச்சதில்ல. பாரு, காயும் நூலும் அண்ணன் தம்பி கணக்கா கீது!” அந்த முகத்தைப் பார்த்து, தப்பாகிவிட்டது அண்ணா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நல்லா இருக்கு என்றேன். பதினெட்டுப் புடவையின் தலையெழுத்து அங்கே முடிந்தது.

ஆறு வீட்டுத் தறிகளில் ஆளுக்கு மூன்று புடவை நெய்யக் கொடுத்தேன். நெசவாளர்கள் வாய்க்குள்ளேயே சிரித்தார்கள். செய்தி மச்சான் காதுக்கும் போயிற்று. தெருவில் என்னைப் பார்த்து, “மாப்ள, குழிய பெருக்கி வெக்கச் சொல்லிட்டேன்” என்றார். முதல் புடவை தறியிலிருந்து இறங்கியதும் எஸ்தர் விரித்துப் பார்த்தாள்.

“இன்னாங்க இது? கிறிஸ்து பொறக்கறதுக்கா, துக்க வூட்டுக்கா?”

நான் காதைச் சொறிந்தேன்.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை புடவைகளைப் பாஸ்டரம்மா வீட்டுக்குக் கொண்டுபோனோம். குழுப் பெண்கள் எல்லோரும் கூடியிருந்தார்கள். நான் கதவுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடத்தில் நின்றுகொண்டேன். எஸ்தர் கட்டைப் பிரித்தாள். பாஸ்டரம்மா ஒரு புடவையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எஸ்தரு, நான் குடுத்த கத்திரிக்கா இது இல்லியேம்மா” என்றார் பாஸ்டரம்மா.

எஸ்தர் வாயைத் திறந்தாள். பொய் சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது. நல்ல பொய்யாகத்தான் இருந்திருக்கும். ஆனால் எனக்கு என்ன ஆனதோ, கதவுக்குப் பின்னாலிருந்து என் குரல் கேட்டது.

“நீங்க குடுத்ததேதாங்க. அஞ்சு நாள் கழிச்சு.”

யாரோ ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு எஸ்தரைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். மச்சான் வீட்டுக் குழி என் காலுக்குக் கீழே திறந்துகொண்டது.

காப்பாற்றியது ராகேல் டீச்சர். குழுவிலேயே கனமான உடம்பு, கனமான குரல். சிரிப்புக்கு நடுவில் வேடிக்கைக்காக ஒரு புடவையை எடுத்து மேலே சுற்றிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்றார். முன்னால் பார்த்தார். பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தார். சிரிப்பை நிறுத்தினார்.

“ஏண்டி, இதுல நான் இளைச்சா மாதிரி கீறேன், இல்ல?”

எல்லோரும் பார்த்தார்கள். நிஜமாகவே இளைத்துத்தான் இருந்தார்.

“ஆமா டீச்சர்! எங்க, அத இப்படிக் குடு.”

“ஜல்தியா கட்டிட்டு நவுருடி, நானும் பாக்கணும்.”

கறுப்பாக இருந்தவர், சிவப்பாக இருந்தவர், ஒல்லி, குண்டு, எல்லோருக்கும் அந்த நிறம் எடுப்பாக இருந்தது. புதுக் கத்திரிக்காயின் நிறம் பாதிப் பேரை அடித்துப் போட்டிருக்கும் என்று பாஸ்டரம்மாவே பிற்பாடு சொன்னார்.

கிறிஸ்துமஸ் ஆராதனைக்குச் சென்னையிலிருந்து விருந்தாளியாக வந்த ஓர் அம்மா அங்கே புடவைக் கடை வைத்திருந்தார். என்னைத் தேடிப் பிடித்து நிறத்தின் பெயரைக் கேட்டார். தரையைப் பார்த்தபடி, அஞ்சு நாள் கத்திரிக்கா என்றேன். நான் எவ்வளவோ யோசித்துப் பெயர் வைத்தவன் என்று நினைத்து, ஆகா என்று எழுதிக்கொண்டார். அப்படித்தான் தொழில் காலூன்றியது. அப்புறம் இரண்டாம் நாள் மாந்தளிர், சாயங்காலச் செம்பருத்தி, நனைந்த பனைவெல்லம் எல்லாம் வந்தன. எதையும் நான் கற்பனை செய்யவில்லை. பொருளை வைத்துவிட்டுக் காத்திருப்பேன், அவ்வளவுதான். கூச்சக்காரனுக்குக் காத்திருப்பது கஷ்டமில்லை.

மச்சானின் மகள் நிச்சயதார்த்தத்துக்கு அந்த நிறம்தான் கேட்டாள். அவர் மீசையை எடுக்கவில்லை. பதிலுக்கு, காலியாக வைத்திருந்த குழியில் ஆள் உட்கார்த்தி என் ஆர்டரையே நெய்து கொடுத்தார். இப்போது பார்த்தாலும் “செத்த கத்திரிக்கா மாப்ள” என்றுதான் கூப்பிடுகிறார்.

போன வாரம் என் மகள் ஷாரோன் இரண்டு நூல் கண்டுகளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். வியாபாரத்தை இப்போது அவள்தான் போனிலேயே நடத்துகிறாள்.

“அப்பா, ரெண்டுமே அஞ்சு நாள் கத்திரிக்கா. ரெண்டும் ஒண்ணாவா கீது?”

இல்லை. ஒன்று செங்கல் பக்கம் போயிருந்தது. ஒவ்வொரு முறையும் போன முறை சாயத்தைப் பார்த்தே போட்டுவந்ததில், வருடத்துக்குக் கொஞ்சமாக நிறம் நகர்ந்துவிட்டிருக்கிறது. ஒரு பெரிய கடை முதல் நிறம்தான் வேண்டும் என்று கேட்டிருக்கிறது. முதல் பதினெட்டில் ஒன்றாவது கிடைக்குமா என்று தேடினோம். எஸ்தருடையதை வெட்டி ஷாரோனுக்கே சின்ன வயதில் பாவாடை தைத்து, அதுவும் கிழிந்துபோயிற்று. ராகேல் டீச்சருடையது துவைத்துத் துவைத்து வெளுத்துக் கிடந்தது. பாஸ்டரம்மா மாற்றலாகிப் போய் எத்தனையோ வருடம். முனுசாமி அண்ணனின் கண்ணில் புரை. மற்றதெல்லாம் எங்கெங்கோ.

ஆகவேதான் வெள்ளிக்கிழமை மார்க்கெட்டுக்குப் போய் ஒரு கத்திரிக்காய் வாங்கி, கைக்குட்டையில் சுற்றி, பீரோவில் அதே கல்யாண வேட்டிக்கு அடியில் வைத்தேன். ஷாரோன் தினமும் “வாடிச்சாப்பா?” என்று கேட்டுவிட்டுப் போகிறாள். இன்றைக்கு ஐந்தாம் நாள். காலையில் திறந்தேன். நேற்றுப் பறித்தது போல் பளபளவென்று படுத்திருக்கிறது. கடைக்காரப் பெண்ணிடம் போய்க் கேட்டதற்கு, “அது புது ரகங்க. பத்து நாள் ஆனாலும் அப்படியே நிக்கும்” என்று பெருமையாகச் சொன்னாள். வாடுகிற கத்திரிக்காய் எங்கே கிடைக்கும் என்று கேட்க வெட்கமாக இருந்தது. காதைச் சொறிந்தேன். இன்னும் அரைக்கிலோ நிறுத்துப் பையில் போட்டுவிட்டாள்.

நவம்பர் 18, செவ்வாய்க்கிழமை. வாடவில்லை.