ஒரு லிட்டரும் பத்தொன்பது கிலோமீட்டரும்

கேரள எல்லையோரம் பெருமாட்டியில் டாக்சி ஓட்டும் செல்வப்பிரியா பத்தாம் வகுப்பில் கணக்கில் மட்டும் இரண்டு தடவை கோட்டைவிட்டாள். இரண்டு தடவையும் காலை வாரியது சதவீதம். மூன்றாம் தடவை தேறினாள். கார் வாங்கியதும், பழைய பகையைத் தீர்ப்பவள்போல, மைலேஜைத் தினமும் நோட்டில் எழுதி வந்தாள். சாதாரணமாக லிட்டருக்கு இருபது கிலோமீட்டர். ஏசி போட்டால் இருபத்தைந்து சதவீதம் குறைந்து பதினைந்து.

எல்லையோரத்து வண்டிக்காரர்கள் எல்லாரையும்போல அவளும் தமிழ்நாட்டுப் பக்கம் போய்த்தான் பெட்ரோல் அடிப்பாள். அங்கே விலை குறைவு. அதுவரை டாங்க் காய்ந்து கிடக்கும்.

போன சித்திரையில் ஒரு ஹர்த்தால் நாள்; கேரளம் முழுக்கக் கடையடைப்பு, வண்டியும் ஓடாது. கோயமுத்தூர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மூன்று வருஷமாய் டயாலிசிஸில் இருந்த அதே ஊர்க் குப்பண்ணனுக்குச் சிறுநீரகம் கிடைத்துவிட்டது. பதினோரு மணிக்குள் வராவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கண்ணாடியில் ‘ஆஸ்பத்திரி’ என்று எழுதி ஒட்டிக்கொண்டு செல்வப்பிரியாவின் கார் அவர் வாசலில் வந்து நின்றது. டாங்கில் ஒரே லிட்டர். இந்தப் பக்கத்துப் பெட்ரோல் பங்குகளெல்லாம் பூட்டு. எல்லை தாண்டி முதல் பங்குக்குப் பத்தொன்பது கிலோமீட்டர்.

“ஏசி போட்டா மைலேஜ் இருவத்தஞ்சு சதவீதம் கொறஞ்சு பதினஞ்சாயிருமுங். அணைச்சுட்டாப் போயிரலாமுங் மாமா.”

குப்பண்ணன் அந்த நிலையிலும் விரல்விட்டுக் கணக்குப் போட்டார். “பதினஞ்சுல இருவத்தஞ்சு சதவீதம், மூணே முக்கால். கூட்டுனாப் பதினெட்டே முக்கால். கால் கிலோமீட்டர் உதைக்குதே அம்மிணி! யாருகிட்டயாச்சும் கேட்டு ஊத்திக்கிட்டுப் போலாம்.”

“கேட்டு அலைஞ்சா ஒரு மணி நேரம் போயிருமுங். கொறஞ்சது இருவதுல கால்வாசி, அஞ்சு. அந்த அஞ்சும் முழுசாத் திரும்பி வருமுங். பதினஞ்சுல கால்வாசி பாக்கக்கூடாது. இந்தத் தப்பைப் பண்ணித்தான் நான் ரெண்டு தடவை ஃபெயிலானேன்.”

“ஃபெயிலானவ சொல்றா, கேளுங்க,” என்றார் அவர் மனைவி கமலாத்தாள், ரிப்போர்ட் கட்டால் அவருக்கு விசிறிக்கொண்டே. “நீங்க பத்தாவது பக்கமே போகலை.”

கிளம்பினார்கள். பங்கில் மூடியைத் திறந்தபோது மிச்சமிருந்த பெட்ரோலில் ஓர் எறும்பு குளித்தால் இன்னொன்று கரையில் காத்திருக்க வேண்டும். நம்பாதவர்கள் எறும்பைக் கேட்டுக்கொள்ளலாம். பத்தே முக்காலுக்கு ஆஸ்பத்திரி.

மூன்று வருஷம் சொட்டு மூத்திரத்துக்குத் தவித்த குப்பண்ணன் இப்போது தென்னந்தோப்பில் ஒதுங்கி எழுந்ததும், செல்வப்பிரியா வீடு இருக்கும் திசையில் ஒரு பெரிய கும்பிடு போடுகிறார். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை.

“கும்புடுங்க, வேண்டாங்கலை,” என்கிறார் கமலாத்தாள். “கையைக் கழுவிட்டுக் கும்புடுங்க.”