நாலு மணிக் கடல்

முதலில் போய்க் கடலில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வரச் சொல்லுவாள். பலகை வாங்க வந்தவர் உடுப்பெல்லாம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்தால், கொட்டகை மூலையில் இருக்கிற மூட்டைத் தராசில் ஏற்றி நிறுத்துவாள். “காஞ்ச உடம்போடயா கடல்ல நிக்கப் போறீங்க? ஈர எடைதான் எடை” என்பது அவள் கட்சி. முள் ஆடி நிற்கும்வரை வந்தவர் மூச்சு விடக்கூடாது. விட்டால் மறுபடி முதலிலிருந்து.

பாய் கட்டிய பலகையில் நின்றுகொண்டு, காற்றைக் கையில் பிடித்து அலைமேல் ஓடுகிற விளையாட்டு இது. விண்ட்சர்ஃபிங் என்கிறார்கள். அந்தப் பலகையை நீளம் பார்த்து வாங்குவதில்லையாம். தண்ணீரில் எவ்வளவு கனம் தாங்கும் என்று லிட்டர் கணக்கில் சொல்லுகிறார்கள். இவள் வாயைத் திறந்தால் லிட்டர்தான். அதனால் கடற்கரையில் இவளுக்கு லிட்டரக்கா என்று பெயர் விழுந்து, வீட்டில் வைத்த பெயர் தபாலில் மட்டும் வருகிறது.

என் மூத்த அக்காவின் நாத்தனாருக்கு மூன்று பெண்கள். அதில் நடுப்பெண் இவள். முறைக்கு எனக்கு மகள். உறவில் ஒரு கல்யாணத்துக்குப் போனால் மாப்பிள்ளையை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பெரியப்பா, தொண்ணூறு லிட்டர் ஆளு. கொறஞ்சா முழுகிருவாரு” என்பாள். ரகசியம் சொல்லுவதாக அவளுக்கு நினைப்பு. காற்றுக்கு எதிரே பேசிப் பேசிப் பழகிய தொண்டை. வீட்டில் உப்பு கேட்டாலும் கரையில் நின்று படகைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் திரும்பிப் பார்ப்பார்கள். அப்படியானால் எனக்கு எத்தனை லிட்டர் என்று ஒருமுறை கேட்டேன். “உங்களுக்கு நாற்காலிதான் பெரியப்பா.”

கொட்டகையில் பலகைகள் அலமாரிப் புத்தகம் மாதிரி பக்கவாட்டில் நிற்கின்றன. பின்கட்டில் அவள் புருஷன் மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பாறையில் இடித்து ஓட்டையான பலகைகளுக்குப் பசை பூசித் தேய்க்கிறார். கேட்ட கேள்விக்குத் தலையாட்டல் ஒன்றுதான் பதில். வீட்டுக்குத் தேவையான பேச்சு முழுவதையும் மனைவியே பேசிவிடுவதால் அவருக்கு அது போதுமாக இருக்கிறது.

போன மாதம் ஒரு பல் டாக்டர் வழவழப்பான படம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார்.

“அக்கா, உலகப் போட்டியில ஜெயிச்சவரு இதுலதான் ஓட்டுறாரு. எனக்கும் இதுதான் வேணும்.”

“அவரு கடல அவரு பாத்துக்குவாரு. நம்ம கடல் எப்படி உடையுது, சொல்லுங்க?”

“எப்படி உடையுது?”

“கொழகொழன்னு உடையுது. காத்து நேரா மூஞ்சியில அடிக்குது. அடி வளைஞ்ச சின்னப் பலகை அவரு ஊர்ல பறக்கும், இங்க படுத்துக்கும். அடி தட்டையா, பின்பக்கம் அகலமா, உங்க எடைக்கு மேல பத்து லிட்டர் கூட இருக்கணும்.”

“ஆனா போன மாசம் ஒரு நாள் செம காத்து அடிச்சுதே?”

“அந்த ஒரு நாள் நீங்க யார் பல்லையாவது புடுங்கிட்டு இருப்பீங்க டாக்டர். வாரத்துல அஞ்சு நாள் அடிக்கிற காத்துக்குப் பலகை எடுங்க.”

அவர் தட்டைப் பலகையைத்தான் தூக்கிக்கொண்டு போனார். அஞ்சு நாள் காற்று அவளுக்கு எப்படித் தெரியும் என்றால், நோட்டு இருக்கிறது. சாயங்காலம் நாலு மணிக்குத் தேநீர் தம்ளரோடு வெளியே வந்து, பிடரியை ஈரக்கையால் தடவிவிட்டுக் கண்ணை மூடி நிற்பாள். ஈரம் குளிர்கிற வேகம்தான் அவளுக்குக் காற்றளவு. பிறகு கொண்டையில் செருகிய பென்சிலை உருவி ஒரு வரி எழுதுவாள். ‘நல்ல இழுவை.’ ‘சுமார்.’ ‘செத்த பாம்பு.’ காய்ச்சல் நாளில்கூட விட்டதில்லை. பதினொரு வருஷத்தில் அவள் கொடுத்த ஒரு பலகையும் பொருந்தவில்லை என்று திரும்பி வந்ததில்லை. இதையும் எல்லோருக்கும் ரகசியமாகத்தான் சொல்லுவாள்.

வந்தது. கொண்டுவந்தவர் அவள் கொழுந்தனார்.

அவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். நாற்பத்தொன்பது வயது. முகத்துவாரத்துச் சலனமில்லாத தண்ணீரில் இரண்டு வருஷம் விழுந்து எழுந்து பழகிவிட்டு, இனி அலைக்குப் போகலாம் என்று அண்ணியிடம் வந்து நின்றவர். கரையிலிருந்து பார்த்தால் அலை மூன்று வரிசையாக உடைகிறது. மூன்றையும் தாண்டிப்போய், திரும்பும்போது ஓர் அலைமேல் ஏறி வந்துவிட வேண்டும்; அவ்வளவுதான் ஆசை. ஐம்பது முடிவதற்குள் ஒருமுறை என்று வேனில் வருகிற பிள்ளைகளிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அண்ணியும் வழக்கப்படி முழுக்குப்போட வைத்து, நிறுத்து, நோட்டைப் புரட்டிப் பார்த்து, எண்பத்தெட்டு லிட்டரில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பலகையை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தார்.

“அண்ணி, வேற யாருக்காவது குடுத்துருங்க. எனக்கு வராது.”

“என்ன வராது?”

“முதல் அலையே தாண்ட முடியல. முழங்கால்வரைக்கும் முழுகி நிக்கிறேன், அலை வந்து மண்ணுல கொண்டாந்து போடுது. சீட்டிக்காரன் தெனமும் கத்துறான், ‘டிரைவர் இன்னைக்கும் யூ டர்ன்’னு. வயசாயிருச்சு அண்ணி. நான் வேனையே ஓட்டிக்கிறேன்.”

சீட்டிக்காரன் என்பது கரைக் காவலர். அன்று அவரும் அங்கே உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரு கீறல்கூட இல்லை.

“எத்தன மணிக்கு எறங்குற?”

“பத்துக்கு. பிள்ளைங்கள விட்டுட்டு வந்து. மறுபடி ஒரு மணிக்கு வண்டி எடுக்கணும்ல.”

அவள் நோட்டை எடுத்துப் புரட்டினாள், மூடினாள். சத்தமில்லாத லிட்டரக்காவை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். பின்கட்டில் தேய்க்கிற ஓசையும் நின்றுபோயிற்று.

கொட்டகையை அவள் திறப்பது இரண்டு மணிக்கு. அதற்கு முன்னால் யாரும் வருவதில்லை. கொழுந்தனார் மட்டும் மாற்றுச் சாவி வைத்துக்கொண்டு தாமே பலகையை எடுத்துப் போய்த் தாமே திரும்ப வைத்து வந்தார். மறுநாள் காலை பத்து மணிக்கு அவள் கரைக்குப் போனாளாம். பிடரியை நனைத்துக்கொண்டு நின்றாளாம். ஈரம் குளிரவே இல்லையாம். நாலு நாள் விடாமல் போயிருக்கிறாள்.

ஐந்தாம் நாள் கொழுந்தனாரைக் கூப்பிட்டு அனுப்பினாள். பல் டாக்டர் இருந்தார், சீட்டிக்காரர் இருந்தார், பாய் வாங்க வந்த இரண்டு பேர் இருந்தார்கள், நானும் இருந்தேன். அவரை மட்டும் தனியே அழைத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லாமலே இருந்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. வயதாகிவிட்டது என்று அவரே ஒப்புக்கொண்ட பிறகு வேறு யார் போய்க் கேட்கப் போகிறார்கள்?

“தம்பி, தப்பு உன்மேல இல்ல. என்மேல” என்றாள். வழக்கமான தொண்டையிலேயே சொன்னாள். “நான் நாலு மணிக் கடலுக்குப் பலகை குடுத்துட்டேன். நீ எறங்குறது பத்து மணிக் கடல்ல. நாலு மணிக் காத்துதான் எண்பத்தெட்டுல உன்னத் தூக்கி விடும். பத்து மணிக்கு நீ நிக்கிறதுக்கே நூத்தஞ்சு வேணும். எல்லார் எடையும் கேட்டேன், உன் நேரத்தக் கேக்கல.”

“விடுங்க அண்ணி, அதுக்குப் போயி...”

“என்னத்த விட? நாப்பது நாள் மண்ணத் தின்னிருக்க.”

“முப்பத்தெட்டு” என்றார் சீட்டிக்காரர். பிறகு, ஏன் சொன்னோம் என்கிற மாதிரி சீட்டியை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார்.

புருஷன் உள்ளேயிருந்து ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசல் கதவு மாதிரி அகலம். அடி தட்டை. கால் நுழைக்கிற வார்களைக் கொழுந்தனாரின் பாதம் பார்த்து ஏற்கெனவே மாற்றிப் பூட்டியிருந்தார். “நூத்தி எட்டு” என்றார். அந்த வாரத்தில் அவர் பேசியது அதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் பத்து மணிக்கு நாங்கள் எல்லோரும் கரையில் இருந்தோம். இரண்டு தடவை முதல் அலையிலேயே விழுந்தார். மூன்றாம் தடவை பலகை முழுகாமல் நின்றது. மெல்ல, வண்டி மேடேறுகிற மாதிரி, முதல் அலைமேல் ஏறி இறங்கிற்று. இரண்டாவதில் பாய் சாய்ந்து நிமிர்ந்தது. மூன்றாவதுக்கு அப்பால் போனதும் ஆள் தெரியவில்லை, பாயின் நுனி மட்டும் தெரிந்தது. அப்புறம் அந்த நுனி திரும்பிற்று. பின்னால் ஓர் அலை எழும்பி, அவரைத் தோளில் வைத்துக்கொண்டு கரையை நோக்கி வந்தது.

லிட்டரக்கா கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கடலுக்குள் நடந்தாள். முழங்கால் நனைந்தது, இடுப்பு நனைந்தது. ஒரு செருப்பை அலை உருவிக்கொண்டு போயிற்று. அவள் குனிந்து தேடவில்லை. இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக்கொண்டு, பலகை வருகிற திசையிலேயே போய்க்கொண்டிருந்தாள்.