பின்னலோடு எடுத்த எக்ஸ்ரே

பீங்கான் கம்பெனிக்குப் போகிற பெண் என்றால் நெஞ்சில் காசம் இருந்தே தீரும் என்று எழுபதுகளில் எங்கள் பக்கத்து மாப்பிள்ளை வீட்டார் ஒரு சாஸ்திரம் வைத்திருந்தார்கள். என் அக்கா விருத்தாசலத்தில் கோப்பைகளுக்கு மெருகு பூசும் வேலையில் இருந்தாள். ஸ்ரீமுஷ்ணத்து வரன் ஏறக்குறைய முடிந்த நேரத்தில் மாப்பிள்ளையின் அப்பா, "எதுக்கும் நெஞ்ச ஒரு எக்ஸ்ரே எடுத்துக் காட்டிடுங்க" என்றார். அக்காவுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. அதுதான் கொடுமை.

அம்மா அக்காவுக்கு எண்ணெய் வழிய வழியத் தலைவாரி, கனமாகப் பின்னி, பின்னலைத் தோளுக்கு முன்னால் எடுத்துவிட்டாள்.

"எலும்புதாம்மா தெரியும்" என்றேன்.

"தெரியட்டும். சம்பந்தி வூட்டுல பாக்கப் போறாங்க, பரட்டத் தலையோடவா அனுப்புறது?"

எக்ஸ்ரே எடுத்தவர் சங்கிலியைக் கழற்றச் சொன்னாராம், பின்னலைச் சொல்லவில்லை. டாக்டர் என்ற மகானுபாவர் படத்தை ஜன்னல் பக்கம் ஒருமுறை தூக்கிப் பார்த்தார். நுரையீரலின் மேல்பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு. "டி.பி." என்றார். ஆயிற்று, தீர்ப்பு.

நான் அப்போது வெளியூரில் எம்.எஸ்ஸி. இயற்பியல், லீவுக்கு ஊருக்கு வந்திருந்தேன். புரோட்டான்களை உடம்புக்குள் பல பக்கங்களிலிருந்து செலுத்தி, எவ்வளவு சக்தி இழந்து வெளியே வருகின்றன என்று அளந்து, உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டே படமாக்குவது பற்றி அப்போதுதான் படித்திருந்தேன். முதலில் குத்துமதிப்பாக ஒரு படம். அதன்படி என்ன அளவு வரவேண்டும், உண்மையில் என்ன வந்தது என்று ஒப்பிட்டு, திருத்தித் திருத்திப் போகவேண்டும். புரோட்டான் உள்ளே முட்டி மோதி வளைந்து வேறு போகும், அதற்கும் கணக்கு. அங்கே அவ்வளவு பாடுபடுகிறார்கள். இங்கே இவருக்கு ஒரே ஒரு நிழல் போதும்!

"ஒரு பக்கமா எடுத்தா முன்னால இருக்குறதும் உள்ள இருக்குறதும் ஒண்ணு மேல ஒண்ணு விழும் சார். கொஞ்சம் திருப்பி நிக்கவெச்சு எடுங்க" என்றேன்.

"நீ டாக்டரா, நான் டாக்டரா?"

விடாமல் நச்சரித்தேன். தொல்லை விட்டால் போதும் என்று அக்காவைத் திருப்பி நிற்கவைத்து எடுக்கச் சொன்னார். திட்டு நகர்ந்து விலா எலும்புக்கு வெளியே போய் நின்றது. எந்தக் காசம் நெஞ்சைவிட்டு வெளியே வந்து நிற்கும்? பின்னலைத் தூக்கிக் கட்டி எடுத்ததில் நெஞ்சு சுத்தம். "ஓ, முடியா!" என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி.

மாப்பிள்ளையின் அப்பா மகனோடு வீட்டுக்கு வந்து படங்களைப் பார்த்தார்.

"ஒண்ணுல இருக்குது, ஒண்ணுல இல்ல. ரெண்டையும் சேத்துப் பாத்தா பாதியாச்சும் இருக்கும்ல?"

எனக்கு ரத்தம் கொதித்தது. "அப்படிக் கூட்டி வகுக்கக் கூடாதுங்க. எல்லாப் படத்துக்கும் ஒத்துவர்ற ஒரே உண்மைதான் இருக்க முடியும்" என்றேன். அவர் சிரித்தார். கணக்கில் புலியாம்.

அக்கா நேராகப் பையனிடம் கேட்டாள். "நீங்க என்ன நெனைக்கிறீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். "அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அக்கா படங்களை வாங்கி உறையில் போட்டாள்.

"தம்பி, இவர எந்தப் பக்கத்துலேருந்து எடுத்தாலும் ஒரே படந்தான்டா வரும்" என்று அவர்கள் காதுபடவே சொன்னாள். "உள்ள ஒண்ணுமே இல்ல."

அவர்கள் பஸ் ஏறும்வரை அவள் அழவில்லை.