கப்ளர் வாயில் ஒரு எலுமிச்சம்பழம்

இரண்டு கைகளையும் எதிரெதிராக நீட்டி, விரல்களை மடக்கி, ஒன்றோடு ஒன்று கொக்கி போட்டு இழுத்துப் பாருங்கள். பிரியாது. சரக்கு ரயிலின் பெட்டிகளைக் கோத்து வைக்கும் கப்ளரின் சூட்சுமம் அவ்வளவுதான். எங்கள் கம்பெனிக்கு வந்து கேட்கிறவர்களுக்கு நான் இப்படித்தான் விளக்குவது. அவர்களையே செய்யச் சொல்வேன். நான் செய்து காட்ட முடியாது. என் வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் இல்லை.

அந்த இரண்டு பாதி விரல்களுக்காக ஒரு மனிதர் மேல் பதினொரு வருடம் வஞ்சம் வைத்திருந்தேன். பொறுத்தார் பூமியாள்வார் என்பார்கள். பூமி எனக்கு உத்தனப்பள்ளி பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் ஏற்கெனவே இருக்கிறது. எனக்கு வேண்டியிருந்தது ஒரு வாக்கியம். அதை அவர் வாயால் சொல்ல வேண்டும்.

கப்ளர் பிறந்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் வயிற்றெரிச்சல் புரியும். அமெரிக்காவில் அந்தக் காலத்தில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஓர் ஆள் நின்றுகொள்வானாம். எஞ்சின் தள்ளும், பெட்டி வரும், அவன் ஒரு கையால் இரும்பு வளையத்தைத் தூக்கிப் பிடித்து, மறுகையால் ஆணியைப் போட வேண்டும். ஒரு கணம் பிசகினால் விரல் போயிற்று. வேலை கேட்டு வருகிறவனிடம் அனுபவம் இருக்கிறதா என்று வாயைத் திறந்து கேட்க மாட்டார்களாம், கையைப் பார்ப்பார்களாம். விரல் குறைந்திருந்தால் ஆள் பழையவன். இதற்கு ஒரு வழி செய்ய வேண்டும் என்று எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகத் தானாகப் பூட்டிக்கொள்ளும் கப்ளர் செய்தார்கள். ஒருவன் செய்தது இன்னொருவன் செய்ததோடு சேரவில்லை. ஜாதகம் பொருந்தாத சம்பந்தம் மாதிரி. கடைசியில் ஒரு துணிக்கடைக் குமாஸ்தா, இரண்டு கைகள் கொக்கி போட்டது போல மரத்தில் செதுக்கிப் பார்த்தான். அந்த வடிவம்தான் நின்றது. மடங்கிய விரல் மாதிரி இருக்கும் பாகத்துக்கு நக்கிள் என்று பெயர். இரண்டு பெட்டி மோதினால் நக்கிள் மூடும், உள்ளே லாக் 'டக்'கென்று விழும். கழற்ற வேண்டுமானால் பெட்டிக்கு வெளியே நின்று லிவரைத் தூக்கினால் போதும். நடுவில் மனிதனுக்கு வேலையே இல்லை.

மனிதனின் விரலைக் காப்பாற்றப் பிறந்த சாமான் அது. அதைச் செய்கிற இடத்தில் நான் விரலை இழந்தேன்.

எங்கள் கம்பெனி ஓசூர் தொழிற்பேட்டையில் இருக்கிறது. அசெம்பிளி முடிந்த கப்ளரை டெஸ்ட் பெஞ்சில் பூட்டிப் பார்ப்பது என் வேலை. தரையில் பதித்த இரண்டு தண்டவாளம். ஒரு முனையில் அசையாத கப்ளர். எதிரில் டிராலி மேல் இன்னொரு கப்ளர். டிராலியைத் தள்ளி மோத விடுவேன். லாக் விழுந்ததா என்று பார்த்து, லிவரைத் தூக்கிக் கழற்றி, அடுத்ததை ஏற்றுவேன்.

அப்போது பெஞ்சின் லிவர் உடைந்து நான்கு நாளாகியிருந்தது. மதியம், முதல் ஷிப்ட் முடிகிற நேரம். வெளியே லாரி நின்றது. எங்கள் சூப்பர்வைசர் திருநெல்வேலிக்காரர். நல்ல வேலைக்காரர், இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் அவசரக்காரர்.

"லிவர் இல்லீங்க சார்," என்றேன்.

"லிவர் வரட்டும்னு உக்காந்திருந்தா லாரி போயிரும்லே. கைய விட்டு லாக்கத் தூக்கு. ஒண்ணும் ஆவாது."

"டிராலி நகராம இருக்கக் கட்டையும் இல்லீங்க."

"நான் என்ன ஒன்னிய கெணத்துக்குள்ளயா எறங்கச் சொல்லுதேன்? தூக்குலே."

சொல்கிறவனுக்கு வாய்ச்சொல், சுமக்கிறவனுக்குத் தலைச்சுமை. தூக்கினேன். தரையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சரிவு இருந்தது. பிரிந்து விலகிய டிராலி, நான் கையை எடுப்பதற்குள் தானாகத் திரும்பி வந்து முட்டியது, நக்கிள் மூடியது. லாக் விழுந்த சத்தம் என்றைக்கும் போலவே கேட்டது. அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை. வேறு மாதிரி ஒரு சத்தமாவது வந்திருக்கலாம்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். கூடவே ஒரு காகிதம், இங்கிலீஷில்.

"நடந்தத எழுதியிருக்கு. ரேகை வையி," என்றார்.

வலது கையில் கட்டு. இடது பெருவிரலை அவரே பிடித்து மையில் ஒற்றி வைத்தார். அந்தக் காகிதத்தின் நகல் என் கைக்கு வர இரண்டு வருடம் ஆனது. எட்டாவதோடு படிப்பை விட்டவன் நான். அந்த ஒரு பக்கத்தைப் படிப்பதற்காகவே ராயக்கோட்டை பஸ்ஸில் போக வர இங்கிலீஷ் எழுத்துக் கூட்டிக் கற்றேன். மூன்றாவது வரியில் இருந்தது: தொழிலாளி, தடுத்தும் கேளாமல், தன் கவனக்குறைவால் கையை உள்ளே விட்டார்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம். 'தடுத்தும் கேளாமல்' என்று எழுத ஒரு மனம் வேண்டுமே.

அந்த வரியைக் கம்பெனியில் எனக்கு முன்னால் எல்லோரும் படித்திருந்தார்கள். எனக்குப் பேசி முடித்திருந்த பெண்ணின் மாமா கம்பெனி கேட்டில் வந்து விசாரித்திருக்கிறார். "விரல் போனது பெரிசில்ல. சொன்னா கேக்காத ஆளாம், கவனமில்லாத கையாம். அந்தக் கையில எப்பிடிப் பொண்ணப் புடிச்சிக் குடுக்கிறது?" என்று எங்கள் அப்பாவிடமே சொல்லிவிட்டுப் போனார். பிறகு எனக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று, நல்லபடியாக இருக்கிறேன். ஆனால் அப்பா, தான் சாகிற வரை, நான் அரிவாளை எடுத்தால் "பார்த்துடா" என்பார். அந்த 'பார்த்துடா' சூப்பர்வைசர் போட்டது.

நான் பெஞ்சை விட்டு வேறு வேலைக்குப் போகவில்லை. இடது கையால் பழகினேன். சூப்பர்வைசர் சில வருடங்களில் வேலையை விட்டு, ஜூஜுவாடியில் சொந்தமாக லேத் பட்டறை போட்டார். பிறகு எங்கள் பெஞ்சுக்கு ஒழுங்கான லிவர் வந்தது. சுற்றிலும் மஞ்சள் கோடு வந்தது. சங்கிலியில் ஒன்றரை அடி நீள இடுக்கி ஒன்று வந்தது. என் விரலைப் போட்டு வாங்கிய சாமான்கள்.

இப்போது ஆயுத பூசைக்கு வருகிறேன். எங்கள் ஷாப்பில் ஒரு வழக்கம். வண்டிக்காரர்கள் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பது போல, நாங்கள் கப்ளர் வாயில் வைப்போம். ஆனால் நக்கிளின் முகம் வளைவாக இருக்கும், பழம் நிற்காமல் உருண்டுவிடும். அதனால் வைக்கிறவர் பழத்தைப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும். டிராலி ஒரு சாண் தூரத்துக்கு வந்ததும் தள்ளுகிறவன் "விடுங்க" என்பான். அவர் விட்டு விலகுவார், டிராலி மோதும், பழம் நசுங்கும், லாக் விழும். பழம் நடுவில் கீழே விழுந்தால் அந்த வருடம் ஷாப்புக்கு ஆகாது என்பார்கள். என் விபத்துக்குப் பிறகு பழத்தை இடுக்கியால்தான் பிடிக்கிறோம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் புது மேனேஜர், பழைய ஆட்களையெல்லாம் பூசைக்கு அழைத்தார். நோட்டீசில், பழம் வைக்கும் மரியாதை யாருக்கு என்று பார்த்தேன். எங்கள் பழைய சூப்பர்வைசருக்கு.

அன்று காலை ஆறு மணிக்கே போய்விட்டேன். பூசையில் வைத்த கருவியை அன்றைக்கு எடுக்கக் கூடாது. இது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். சங்கிலியைக் கழற்றி, இடுக்கியை நன்றாகத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்துக்கு நேர் முன்னால் சாத்தினேன். மாற்றுக்கு ஒரு மூங்கில் குச்சி இருந்தது. அதற்கும் பொட்டு வைத்தேன். பூ போட்டேன். அவ்வளவு பக்தியாக நான் என்றைக்கும் பூசை செய்ததில்லை.

இன்னொன்றும் செய்தேன். அசையாத கப்ளருக்கு ஒரு சாண் முன்னாலேயே டிராலி நின்றுவிடும்படி, தண்டவாளத்தில் ஒரு மரக்கட்டையை அடித்து இறுக்கினேன். அது என் பக்கம். வாழைக்கன்றின் இலை மறைத்தது. பழம் பிடிக்கிறவர் நிற்கிற பக்கத்திலிருந்து தெரியாது. கட்டையை வைக்காமல் விடலாமா என்றும் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் அது பொய்.

பத்து மணிக்கு அவர் வந்தார். பட்டுக்கரை வேட்டி, நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்துத் தோளைத் தட்டினார்.

"எப்படி இருக்கலே? இன்னும் இதே பெஞ்சா?"

"இதே பெஞ்சுதானுங்க சார். இதே கைதான்."

சிரித்துக்கொண்டார். பாகலூர்க்கார வெல்டர் ஒருவர் மணி அடித்தார். தெலுங்கில் அவர் சொல்லும் மந்திரம் பாதி வெல்டிங் ராடு பெயர்தான் என்று நாங்கள் கேலி செய்வோம். கற்பூரம் காட்டியாயிற்று. எலுமிச்சம்பழத்தைச் சூப்பர்வைசர் கையில் கொடுத்தார்கள்.

"எதால பிடிக்கணும்?" என்று அவர் கேட்டார்.

"இடுக்கி பூசையில இருக்குதுங்க சார். எடுக்கக் கூடாது," என்றேன். "கைய விட்டுப் புடிங்க. ஒண்ணும் ஆவாது."

என் முகத்தைப் பார்த்தார். புரிந்ததா தெரியவில்லை. அறுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குனிந்து, கையைக் கப்ளர் வாய்க்குள் விட்டுப் பழத்தைப் பிடித்தார். நான் டிராலியைத் தள்ளினேன். சக்கரம் கட்டையில் வந்து நின்றது. இடைவெளி ஒரு சாண். நான் உடம்பைச் சாய்த்து, தள்ளுகிற மாதிரியே நின்றேன். "விடுங்க" என்று சொல்லவில்லை.

"சொல்லுலே," என்றார்.

"சொல்றன் சார். அதுக்கு முன்னாடி நீங்க ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு லிவர் ஒடைஞ்சி கெடந்தப்ப கைய விடுன்னு சொன்னது யாரு?"

மணிச் சத்தம் நின்றது. வெல்டர் மணியைப் பிடித்தபடியே நின்றார்.

"இப்ப எதுக்குலே அந்தப் பேச்சு, சாமி முன்னால?"

"சாமி முன்னாலதான் பேசணுங்க சார். ஆஸ்பத்திரியில ஆரஞ்சுப் பழத்து முன்னால பேசினது போதும்."

"தள்ளிராதடே," என்றார் மெதுவாக. அவர் காதோரம் வேர்வை இறங்கியது. கையை இழுத்தால் பழம் விழும். ஷாப் முழுவதும் பார்க்கப் பழம் விழ வைத்தவர் என்று பெயர் வரும். அவருக்குப் பெயர் முக்கியம். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

"நான்தான் சொன்னேன்," என்றார்.

"காதுல விழலீங்க."

"லிவர் ஒடஞ்சிருந்துச்சு. கைய விட்டுத் தூக்குன்னு சொன்னது நான்தான். இவன் மாட்டேன்னுதான் சொன்னான். போதுமாலே?"

"விடுங்க," என்றேன்.

அவர் கையை இழுத்த வேகத்தில் பழம் உருண்டு தரையில் விழுந்தது. பின்னால் நின்ற கேண்டீன் அம்மா 'ஐயோ' என்றார். வெல்டர் தாம்பாளத்திலிருந்து இன்னொரு பழத்தை எடுத்துக் காட்டி, "இங்கோ நிம்மகாய உந்தி அண்ணா, விடு," என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி. எங்கள் சேஃப்டி மேடம், சேலத்துக்காரர், நேராகப் போய்ப் பூசையிலிருந்து இடுக்கியை எடுத்துவிட்டார்.

"மேடம், பூசையில வச்சது," என்றார் யாரோ.

"விரல் போனாத்தான் சாமி கோவிச்சுக்கும். இதுக்கெல்லாம் கோவிச்சுக்காது," என்றார் மேடம். பிறகு அவரைப் பார்த்து, "சார், இப்ப சொன்னீங்களே, அத எழுதிக் குடுத்துட்டுத்தான் நீங்க சாப்பிடப் போறீங்க."

வாழை இலையைச் சரிசெய்வது போலக் குனிந்து கட்டையைத் தட்டி எடுத்தேன். மேடம் இடுக்கியில் பழத்தைப் பிடித்தார். தள்ளினேன். டக்.

அவர் எழுதிக் கொடுத்தார். தமிழில்தான் எழுத வேண்டும் என்று நான் நின்றேன். இப்போது என் ஃபைலில் பழைய காகிதத்துக்கு மேல் அது இருக்கிறது. பழைய வரியை யாரும் அடிக்கவில்லை, அடிக்கவும் கூடாதாம். ஆனால் யார் திறந்தாலும் முதலில் இதைத்தான் படிக்க வேண்டும். ஒரு நகல் எடுத்துப் போய் அப்பா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன்.

பொரிகடலை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது, அவர் குழாயடியில் கை கழுவிக்கொண்டு நின்றார். ரொம்ப நேரமாகக் கழுவியிருப்பார் போல.

"நெசமாவே தள்ளியிருப்பியாலே?"

அப்போது சொல்லியிருக்கலாம், கட்டை இருந்தது சார் என்று. அந்தக் கட்டையைக் காட்டியிருந்தால் மனிதர் உட்கார்ந்து ஒரு மூச்சு விட்டிருப்பார்.

"சாப்பிட்டுப் போங்க சார்," என்றேன்.

மனம் ஆறிவிட்டதா என்று என் மனைவி கேட்பாள். ஆறின காப்பியை எவன் குடிப்பான் என்பேன். ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் முதல் நாள் நானே அவருக்குப் போன் போடுகிறேன். முதல் இரண்டு வருடம் எடுத்தார், வேலை இருக்கிறது என்றார். போன வருடம் எடுக்கவில்லை. மணி முழுதாக அடித்து ஓயும்வரை காதில் வைத்துக் கேட்டேன். பிறகு வாட்சப்பில் பேசி அனுப்பினேன்: "நாளைக்குப் பூசைங்க சார். பழம் நீங்கதான் வெக்கணும். இடுக்கி பூசையில இருக்கும்."

இரண்டு நீல டிக் விழுந்தது. இந்த வருடமும் அனுப்புவேன்.