மந்திரமூர்த்தி அகல லென்ஸ் வாங்கிய வரலாறு

“நான் பின்னால போக முடியாத எடத்த இனிமேத்தாம்லே கட்டணும். அது வரைக்கும் எனக்கு எதுக்கு வைடு லென்ஸு?”

தென்காசியில் இருபத்தெட்டு வருடமாகக் கல்யாணப் படம் எடுத்துவரும் மந்திரமூர்த்தி, போட்டோகிராபர்கள் கூடியிருந்த ஒரு விருந்தில், கையில் பாதி வடையோடு இதை அருளினார். செங்கோட்டை பிரின்ஸ் தன் புது லென்ஸை ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்த நேரம். பிரின்ஸ் லென்ஸைப் பைக்குள் வைத்துவிட்டான்.

வெறும் வாய்ப்பேச்சு என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. படத்துக்குள் ஆள் அடங்காவிட்டால் மந்திரமூர்த்தி இரண்டடி பின்னால் போவார். அதற்கும் அடங்காவிட்டால் நாலடி. கண் கேமராவிலும் முதுகு விதியின் கையிலுமாக இப்படிப் போய்ப் போய், பாவூர்சத்திரத்தில் ரசப் பானைக்குள் குதிகாலை விட்டிருக்கிறார். சுரண்டையில் மாப்பிள்ளையின் பெரியப்பா மடியில் உட்கார்ந்திருக்கிறார். இரண்டு இடத்திலும் படத்தில் ஒரு தலை குறையவில்லை. அந்த ரசத்தை யாரும் கொட்டவில்லை என்பது வேறு விஷயம்.

சோதனை ஆனி மாதம் வடகரையில் வந்தது. குழல்வாய்மொழி வீட்டில் மகளுக்கு நிச்சயதார்த்தம். கிரானைட் தூண், சிங்கமுகம், கண்ணைப் பறிக்கும் ஓடு என்று, தெருவிலிருந்து பார்த்தால் கலெக்டர் பங்களாதான். இருந்த காசெல்லாம் தெருவைப் பார்த்த பக்கத்திலேயே தீர்ந்துபோனதால் உள்ளே ஹால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி. அதில் முப்பத்தொரு பேர் மூன்று வரிசையாக நின்றார்கள். மந்திரமூர்த்தி பின்னால் போனார். சுவர் வந்தது. சுவரில் ஒரு கதவு இருந்தது. ஹாலுக்குள்ளேயே திறக்கும் கக்கூஸ் கதவு.

கொள்கை என்று வந்துவிட்டால் இடம் பார்க்க முடியுமா. ஒரு காலைப் பீங்கான் மேலும் மறு காலைக் கவிழ்த்த வாளி மேலும் வைத்து, பினாயிலும் பினாயிலுக்கு அடங்காததும் கலந்த காற்றில் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்தார். எடுத்ததைச் சரிபார்க்க வேண்டுமானால் மூச்சு விட வேண்டும். அதனால் பார்க்கவில்லை.

ஆல்பம் வந்தபோதுதான் தெரிந்தது, கதவு நிலை இரண்டு ஓரத்தையும் தின்றிருந்தது. வலது ஓரத்தில் ஒரு பீரோ போனது, பாதகமில்லை. இடது ஓரத்தில் பெண்ணின் தாய்மாமன் அய்யாக்குட்டி பாதி போயிருந்தார். ஒரு கண், ஒரு பக்க மீசை, பாதிச் சீர்த்தட்டு.

“பாதி ஆளத்தான் நிச்சயத்துக்குக் கூப்பிட்டிருக்கிய. அந்தப் பாதியே கல்யாணத்துக்கும் வரட்டும்,” என்றார் அய்யாக்குட்டி. “மீதிப் பாதிக்குத் தோப்புல தண்ணி பாய்ச்சுத வேலை கெடக்கு.”

பெண்ணைக் கைப்பிடித்து மணவறைக்கு அழைத்து வர வேண்டியவர் இப்படிச் சொல்லிவிட்டால் அந்த மணவறை எதற்கு. குழல்வாய்மொழி நேராக ஸ்டுடியோவுக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, ஆவணி எட்டு முகூர்த்தம். அதுக்கு முன்ன எங்க அண்ணன முழுசா எடுத்துத் தரணும். முப்பத்தொரு பேரும் வாராவ.”

“வெளிய முத்தத்துல நிறுத்தி எடுத்துருவோம் தாயி.”

“சொல்லிப் பாத்தாச்சு. மானம் போன எடத்துலதான் திரும்பி வரணும்ங்குதான். அதே ஹாலு, அதே சனம். உங்களால ஆகலன்னா சொல்லிருங்க, செங்கோட்டைப் பையனக் கூப்பிட்டுக்கிடுதேன். கல்யாணத்துக்கும் சேத்து.”

மறுநாள் மந்திரமூர்த்தி தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஜெபசிங்கின் கேமராக் கடைக்குள் நுழைந்தார். ஜெபசிங் கண்ணாடி மேசையில் இரண்டு லென்ஸை வைத்தான்.

“இது பதினாறு எம்.எம்.ல தொடங்கும் அண்ணாச்சி. இது பத்துல. நம்பர் கொறயக் கொறய அகலம் கூடும்.”

பதினாறு, தண்ணீர்ச் செம்பு பருமன். பத்து, பால்புட்டி மூடிபோல் பிளாஸ்டிக்கில் ஒரு சவலைப் பிள்ளை. கல்யாண வீட்டில் லென்ஸின் பருமனைப் பார்த்துத்தான் போட்டோகிராபருக்கு இரண்டாவது ஐஸ்கிரீம் வரும். மந்திரமூர்த்தியின் கை தானாகச் செம்பைத் தூக்கியது.

“இதுதான பெருசு?”

“பெருசு வேற, அகலம் வேற. உங்க கேமராவுல படம் பதியுத சென்சார் சின்னது. இந்தப் பதினாறு அதுல ஏறுனா இருபத்தஞ்சு மாதிரித்தான் முழிக்கும். சின்ன ரூம்புக்குப் பத்துதான் சரி. ஆனா ஓரத்துல நிக்க ஆளு இழுபட்டுத் தெரிவான். ஒல்லி தடியாவான், தடி…” ஜெபசிங் தன் வயிற்றைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். “ரெண்டையும் கொண்டுபோயி எடுத்துப் பாருங்க.”

கூலி கேட்காமல் கூட்டம் வரிசையாக நிற்கும் இடம் ஆடி மாதத்தில் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை குற்றாலம் போனார்.

முதலில் பத்தை மாட்டினார். இத்தனை வருடம் அவர் எடுத்த அருவிப் படங்களில் தண்ணீரும் குடும்பமும் மட்டுமே இருக்கும். மற்றதையெல்லாம் சட்டத்துக்கு வெளியே தள்ளுவதே அவர் கலை. பத்து எம்.எம். எதையும் தள்ளவில்லை. பாறையெல்லாம் ஷாம்புப் பாக்கெட். கம்பியில் பிழிந்து தொங்கவிட்ட ஜட்டிகள், கொடி நாள் கொண்டாட்டம் போல. பரோட்டாப் பொட்டலத்தில் மிஞ்சிய சால்னாவை நக்கும் நாய், அந்த நாயை நோக்கிக் காறித் துப்பும் கனவான், துப்பியது அந்தரத்தில் நிற்கிறது. எண்ணெய் வழியும் முதுகு ஒன்று, அதைத் தேய்க்கும் இன்னொரு எண்ணெய் முதுகு. ஓரத்தில் ஒரு மொட்டைத் தலை பலாப்பழமாக இழுபட்டுக் கிடந்தது. இயற்கையைத் தேடி இத்தனை தூரம் வந்த மனிதன், தன்னிடம் வேண்டாததையெல்லாம் இயற்கைக்கே காணிக்கையாக்கிவிட்டுப் போகிறான் என்ற உண்மை மூன்று அங்குலத் திரையில் பளிச்சென்று தெரிந்தது. மந்திரமூர்த்தி மூக்கைப் பொத்திக்கொண்டார். படத்தை அழித்தார். அழித்த பிறகும் வாசனை இருந்தது.

பதினாறை மாட்டினார். அருவி வெள்ளையாக வந்தது. ஜட்டி இல்லை. துப்பல் இல்லை. லென்ஸ் என்றால் இதுவல்லவா, நாகரிகம் தெரிந்த லென்ஸ் என்று நெஞ்சில் அணைத்துக்கொண்டார்.

அப்போது திருவேங்கடத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், பதினோரு பேர், சொட்டச் சொட்ட எதிரே வந்து நின்றது. “அண்ணாச்சி, எங்கள ஒண்ணு எடுங்க.”

பார்த்தார். ஓரத்து மனிதருக்குத் தோள் இல்லை. பழக்க தோஷம், இரண்டடி பின்னால் போனார். தோள் வந்தது, கை வரவில்லை. இன்னும் ஓரடி.

அங்கே குளித்த தண்ணீர் போகும் ஓடை இருந்தது.

விழுந்து, இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்தார். கேமரா மட்டும் தலைக்கு மேல் இருந்தது. ஆயிரம் பேரின் எண்ணெயும் சீயக்காயும் அழுக்கும் வெதுவெதுப்பாக அவர் சட்டைக்குள் ஏறி இறங்கின. ஏதோ ஒரு பஜ்ஜி அவர் தொடையில் வந்து ஒதுங்கியது.

“கேமராவுக்கு ஒண்ணும் ஆகலியே?” என்று கேட்டார் தோள் இல்லாத மனிதர். அவர் வீட்டுப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கரையேறினார். அந்த மனிதரின் காய்ந்த துண்டில் கையைத் துடைத்துவிட்டுப் பத்தை மாட்டினார். முதலில் நின்ற இடத்திலேயே நின்றார். பதினோரு பேரும் அடங்கினார்கள், இருபுறமும் இடம் மிச்சம். மந்திரமூர்த்தி மகிழவில்லை. முழங்காலுக்குக் கீழே யாருடைய தலைமுடியோ அவரைச் சுற்றிக்கொண்டிருந்தது.

பத்தை எடுத்துக்கொண்டு பதினாறைத் திருப்பிக் கொடுத்தபோது ஜெபசிங் மூக்கைச் சுருக்கினான். “அருவியில குளிச்சியளோ?”

“இல்ல. மத்தவன் குளிச்சதுல நான் குளிச்சேன்.”

வடகரை ஹாலில் அதே முப்பத்தொரு பேர். அய்யாக்குட்டி நடுவில், சீர்த்தட்டோடு, உடம்பின் எந்தப் பகுதியையும் விட்டுக்கொடுப்பதில்லை என்ற முடிவோடு நின்றார். மந்திரமூர்த்தி ஒல்லியானவர்களைப் பொறுக்கி ஓரத்துக்கு அனுப்பினார். மூத்த மருமகன் முத்துகுமரனுக்கு முகம் சுண்டியது.

“வீட்டு மருமகன ஓரத்துல நிறுத்துதியளே. வேற ஆளு கெடைக்கலியா?”

“மாப்ள,” என்று காதோரம் குனிந்தார் மந்திரமூர்த்தி, “அங்கன நின்னா பத்துக் கிலோ கூடித் தெரிவிய.”

மூன்று வருடமாக, ‘எங்க வீட்டுச் சாப்பாடு ஒட்டலியோ’ என்ற மாமியாரின் கேள்வியையும் சேர்த்து விழுங்கிவந்த முத்துகுமரன் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டான். பிறகு அவனை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை.

கக்கூஸ் கதவு சாத்தியிருந்தது. அதற்குப் பக்கத்துச் சுவரில் முதுகை வைத்து, மந்திரமூர்த்தி எடுத்தார்.

அய்யாக்குட்டி வரிசையை விட்டு வந்து திரையைப் பார்த்தார். இரண்டு கண், இரண்டு பக்க மீசை, முழுத் தட்டு. எண்ணி முடித்ததும் தங்கையிடம் திரும்பினார்.

“எட்டாந்தேதி எத்தன மணிக்கு வரணும்?”

குழல்வாய்மொழி அடுக்களைப் பக்கம் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அய்யாக்குட்டி பழைய இடத்தில் போய் நின்று தட்டைச் சரிசெய்தார்.

“எதுக்கும் இன்னொண்ணு எடும்வே. கொஞ்சம் பின்னால போயி.”

“எடம் இல்ல அண்ணாச்சி,” என்று சுவருக்கே கேட்காத குரலில் சொல்லிவிட்டு, மந்திரமூர்த்தி நின்ற இடத்திலிருந்தே இன்னொன்று எடுத்தார்.